பின்வரிசை யார்?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆளு எனக்கு வேணும். எங்க இருந்தாலும் சரி, கையோட கூட்டிட்டு வரணும்!"

துறைத்தலைவர் இப்படி முழங்கியபோது, டைப்பிஸ்ட் அக்காவின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? அவர் தேடச் சொல்கிற ஆள் அந்த நிமிடம் எங்கேயும் ஓடி ஒளிந்திருக்கவில்லை. அவருடைய மேஜைக்கு எதிரிலேயே, கையில் அவருக்கான தேநீரோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஆமாம், அவளேதான்.

வானியல் துறையில் இருந்த கடைசித் தட்டச்சு இயந்திரம் காயலான் கடைக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. தோட்டக்காரர் முதல் துணைவேந்தர் வரை எல்லாருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. துறைத்தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதுக்கு மட்டும் அது இதுவரை எட்டவில்லை. கருந்துளை. அவர் மேஜைக்குள் போன எந்தக் கோப்பும் வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, துறையின் அரங்கத்தில் பொதுமக்களுக்கான வானியல் சொற்பொழிவு நடக்கும். அனுமதி இலவசம். ஏ.சி.யும் இலவசம். சொற்பொழிவு முடிந்ததும் கேள்வி நேரம். கேள்வி கேட்க மைக் தரமாட்டார்கள். முன்பு தந்தார்கள், ஒருநாள் ஒரு பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு, பிரபஞ்சம் உண்டான விதம் குறித்துத் தன் சொந்தக் கொள்கையை நாற்பது நிமிடம் விளக்கினார். பேச வந்தவர் ரயிலைத் தவறவிட்டார். அன்றிலிருந்து சீட்டு முறை. கேள்வியைச் சீட்டில் எழுதி, மூடியில் பிளவு போட்ட பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். பெயர் போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம். டின்னை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது அக்காவின் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, அந்த டின் காலியாகவே மேடைக்குத் திரும்பியது. ஒரு சீட்டுகூட இல்லை. பேசியவர் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இருந்து பிஸ்கட் தூள்தான் விழுந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சொற்பொழிவையே நிறுத்திடலாம்" என்று தலைவர் முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது.

மாதம் முழுக்க விடுப்பு விண்ணப்பமும் பயணப்படி விண்ணப்பமும் தட்டச்சு செய்கிறவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் திருவிழா. புரொஜெக்டர் பக்கத்தில், கால் ஆடும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தொடங்கிய நாளிலிருந்து ஒரு சொற்பொழிவு விடாமல் கேட்டவள். அதனால் அடுத்த மாதம் டின்னோடு கடைசி வரிசையைத் தாண்டும்போது, சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையால் கோணல்மாணலாக ஒரு கேள்வி எழுதினாள். கீழே ‘பின்வரிசை’ என்று கையெழுத்துப் போட்டு டின்னுக்குள் தள்ளிவிட்டாள்.

அப்படியே மாதம் ஒன்று என்று தொடர்ந்தது. யாருக்கும் ஒரு துளி சந்தேகம் வரவில்லை, போன மாதம் வரை.

போன மாதம் பேச வந்தவர் வெளியூர்ப் பேராசிரியர். பெரிய கை. ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை வரைபடமாகக் காட்டினார். பின்வரிசையின் சீட்டு இப்படிக் கேட்டது: ‘மூன்றாவது படத்தில் நாற்பத்தோரு புள்ளிகள். ஏழாவது படத்தில் நாற்பதுதான் இருக்கின்றன. அந்த ஒன்று எங்கே போயிற்று?’

பெரிய கைக்கு முகம் சிவந்துவிட்டது. ‘கேமராக் கோளாறு’ என்று சொல்லி மழுப்பிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். இப்போது அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது.

"படிக்கிறேன் கேளும்மா" என்றார் தலைவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி. "‘கோளாறு என்று நினைத்து நான் அழித்த புள்ளி கோளாறே அல்ல. பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தோம். நட்சத்திரம் அதே அளவுக்குத் திரும்பத் திரும்ப மங்குகிறது. எதுவோ அதைச் சுற்றுகிறது. கேள்வி கேட்டவரை நேரில் பார்க்க வேண்டும்.’ எப்படி? நூறாவது சொற்பொழிவுக்கு அவரே வர்றார். துணைவேந்தரும் வர்றார்."

"துணைவேந்தருமா சார்?"

"பின்னே? மேலாண்மைத் துறைக்காரன் நம்ம அரங்கத்தைக் கேட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். ‘உங்க சொற்பொழிவுக்கு மக்கள் தூங்கத்தான் வர்றாங்களாமே’ன்னு துணைவேந்தரே என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டார். ரெண்டு வருஷத்துல எழுபத்தோரு கேள்வி வந்திருக்குன்னு அறிக்கை அனுப்பியிருக்கேன். அந்தப் பின்வரிசையை மேடை ஏத்தி, ‘இதோ பாருங்க, சாதாரணப் பொதுஜனம்’னு காட்டி ஒரு கேடயம் கொடுத்துட்டா, அரங்கம் நம்மளுது. இல்லேன்னா நூறோட கடையைக் கட்ட வேண்டியதுதான்."

அக்கா கோப்பையை மேஜைமேல் வைத்தாள். "சார்... ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்த ஆளு பொதுஜனமா இல்லாம, நம்ம துறை ஆளாவே இருந்துட்டா?"

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா அதுக்குப் பேரு மோசடி! எவனா இருந்தாலும் மறுநாளே பரீட்சைப் பிரிவுக்கு மாத்திடுவேன்."

பரீட்சைப் பிரிவு நிலவறையில் இருந்தது. ஜன்னல் இல்லை. வருடம் முழுக்க விடைத்தாள் கட்டைச் சணலால் கட்டி, அரக்கு வைக்க வேண்டும். அங்கே போனவர்கள் வெயிலைப் பார்த்தால் கண் கூசி அழுவார்கள் என்று பேச்சு.

"டீ ஆறிப்போச்சு" என்றார் தலைவர்.

மறுநாள் காலை வால்நட்சத்திரம் வந்து சேர்ந்தான். அதுவும் பட்டப்பெயர்தான். துறையின் இளைய விரிவுரையாளன். சட்டை எப்போதும் பின்பக்கம் வால் போலத் தொங்கும். தன் அறையில் தலைகாட்டுவதும் எப்போதாவதுதான். துப்பறியும் பொறுப்பைத் தலைவர் அவனிடம் கொடுத்திருந்தார். மடிக்கணினியை அக்காவின் மேஜைமேல் வைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"கவலையே படாதீங்க அக்கா. லட்சம் நட்சத்திரத்துல ஒண்ணைத் தேடிப் பிடிக்கிறவங்க நாங்க. அரங்கத்துல நூறு பேரு. இது ஜுஜுபி."

"எப்படித் தம்பி பிடிப்பீங்க?" அக்காவின் குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது.

"பின்வரிசையோட சீட்டு மொத்தம் இருபத்து மூணு. கடைசி இருபத்து நாலு கூட்டத்துல, ஒரே ஒரு மாசம்தான் சீட்டு வரல. வருகைப் பதிவேட்டை எடுங்க. யாரு அந்த ஒரு மாசம் மட்டும் வராம, மத்த எல்லா மாசமும் வந்திருக்காங்களோ, அவங்கதான் ஆளு. கணக்கு சுத்தமா வந்துடும்."

அந்த ஒரு மாதம் அக்கா விடுப்பில் இருந்தாள். கணவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. விடுப்பு விண்ணப்பம், இதோ, அவன் முழங்கை ஊன்றியிருக்கிற அதே கோப்பில்தான் இருக்கிறது.

"ஆனா முதல்ல பின்னணியைக் கழிக்கணும்" என்றான் அவன்.

"அப்படின்னா?"

"வானத்துல எப்பவும் ஒரு வெளிச்சம் இருக்கும் அக்கா. கருவியிலயும் எப்பவும் ஒரு இரைச்சல் இருக்கும். எப்பவும் இருக்கிறதால அதுல சேதி எதுவும் இல்லை. அதைக் கழிச்சுத் தூரப் போட்டாத்தான் தேடுற பொருள் தெரியும். நான் சொல்றேன், நீங்க அடிங்க. கழிக்க வேண்டியவை. முதல் வரி..." கண்ணை மூடி யோசித்தான். "புரொஜெக்டர், மின்விசிறி, டைப்பிஸ்ட் அக்கா."

விசைப்பலகையின்மேல் அவள் விரல்கள் நின்றன.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. புரொஜெக்டருக்குச் சின்ன ‘ரொ’வா, பெரிய ‘றொ’வான்னு யோசிச்சேன்."

அடித்தாள். தன்னைத் தானே அடித்து, கழித்து, தூரப் போட்டாள். தப்பித்துவிட்டோம் என்று மூச்சுவிட்ட அதே நேரத்தில், நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்றது. மின்விசிறிக்கு அடுத்தபடியாம்! அந்த மின்விசிறி ஓடுவதுகூட அவள் ஆள் வைத்துப் பழுது பார்த்ததால்தான்.

புதன்கிழமை மதியம் கணினி தீர்ப்புச் சொன்னது. தொண்ணூற்று மூன்று சதவீத உறுதியோடு ஒரே ஒரு பெயர். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர்.

அக்கா சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். தையல்காரரைத் தெரியாதவர் யார்? இருபத்து மூன்று கூட்டத்துக்கும் வந்தார், உண்மை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார், உண்மை. விளக்கு அணைந்ததும் தூங்கினார், அதுவும் உண்மை. கடையில் இஸ்திரிப் பெட்டியின் அனல். இங்கே மெத்தை நாற்காலி, ஏ.சி. பெருவெடிப்புக்கே விழிக்காத மனிதர். அந்த ஒரு மாதம் அவர் வராமல் போனது ஏ.சி. பழுதானதால். ஏ.சி. பழுதாகவே கிடந்தது, மெக்கானிக்கைக் கூப்பிட அக்கா இல்லாததால். கணினி பிடித்தது பூனையின் வாலைத்தான். பூனை எது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, நீங்களா ஒத்துக்கிட்டீங்க?"

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, முகமெல்லாம் பல்லாக நின்றார். "ரெண்டு புரொபசருங்க, அக்கா! என் கடை வாசல்ல! ‘நீங்கதான் பின்வரிசை, மறைக்காதீங்க’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பின்வரிசையிலதானே உக்காருறேன்? அதனால ஆமான்னேன். அப்புறம்தான் கேள்வி, புள்ளி, என்னென்னவோ சொன்னாங்க."

"நீங்க எழுதலையே அண்ணே!"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். "தூக்கத்துல எழுதியிருப்பேனோ? என் வீட்டுக்காரி சொல்றா, நான் தூக்கத்துல பட்டன் ஓட்டை எண்ணுவேனாம்."

"வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"அய்யோ, அக்கா! கேடயம் வைக்கன்னு அவ அலமாரியில தட்டையே காலி பண்ணிட்டா. இருபது வருஷத்துல முதல் தடவையா என்னைப் பார்த்து ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டா. இப்ப போயி நான் இல்லைன்னா, என் நிலைமை என்ன ஆகும்?"

அக்கா வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடமாக அவள் ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர், சிவப்பு விளக்கில் காலை ஊன்றி. "ஊருக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு. உனக்குப் பரீட்சைப் பிரிவு இல்லை. வாயை மூடிக்கிட்டு இரு."

"மூடிக்கிட்டுத்தாங்க இருக்கேன். ஆனா அந்தப் பேராசிரியர் நோண்டி நோண்டிக் கேட்டா அண்ணன் மாட்டிக்குவாரு. அத்தனை பேர் முன்னால மானம் போயிடும். அதுவுமில்லாம..."

"அதுவுமில்லாம?"

"என்னை மின்விசிறியோட சேத்துட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். முதுகில் ஒரு குத்து வாங்கியதும் நிறுத்தினார். "இந்தா பாரு. லிஃப்ட் நடுவுல நின்னுச்சுன்னா, உள்ளே இருக்கிறவங்க எல்லாப் பட்டனையும் மாத்தி மாத்தி அமுக்குவாங்க. ஒண்ணும் நடக்காது. மணி ஒண்ணு இருக்கும், சிவப்பு கலர்ல. அதை மட்டும் தொடமாட்டாங்க. ஊரே கூடிடும்னு வெட்கம். கடைசியில அதை அமுக்கினாத்தான் நாங்க வருவோம்."

விளக்கு பச்சையானது.

மாலை ஐந்து மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை நடுவில் துணைவேந்தர், கை கட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் பக்கத்து நாற்காலியில் கேடயமும் பாராட்டுப் பத்திரமும். பெரிய கை சுருக்கமாகப் பேசினார். நாற்பத்தோராவது புள்ளியைச் சிவப்பு வட்டம் போட்டுத் திரையில் காட்டினார். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"எந்தப் பட்டமும் பெறாத, எளிய, சாதாரணமான ஒரு குடிமகன்! இதோ நம் பின்வரிசை!"

கைதட்டலுக்கு நடுவே தையல்காரர் மேடை ஏறினார். தானே தைத்த புதுச் சட்டை. இன்றைக்குப் பார்த்துத் தூக்கமே வரவில்லை அவருக்கு.

பெரிய கை ஓடிவந்து அவர் கையைப் பற்றினார். "ஐயா, என் மாணவர்கள் பத்துப் பேர் பார்த்தாங்க. யாருக்கும் தெரியல. ஒரு புள்ளி குறையுதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கடைசி வரிசைக்குப் பின்னால், டின்னை மார்போடு அணைத்தபடி, அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அது வந்து சார்..." தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அளவு எடுக்கும்போது ஏழு பட்டன், தைச்சு முடிச்சா ஆறு பட்டன்னா, சட்டை போடுறவருக்குத் தெரியாம இருக்கலாம். தைக்கிறவனுக்குத் தெரியாதா?"

அரங்கம் அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. தலைவர் துணைவேந்தரைப் பார்த்து ‘எப்படி?’ என்று புருவத்தை உயர்த்தினார். அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள்.

பெரிய கை அதோடு விட்டாரா? விடவில்லை. ஆராய்ச்சி ஆசாமி ஆயிற்றே. "பிரமாதம்! அந்தப் புள்ளி வரைபடத்துல எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

திரையில், தையல்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே சிவப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். தையல்காரர் திரும்பவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"பின்பக்கம் சார்" என்றார். "தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. துணைவேந்தரின் கட்டிய கை அவிழ்ந்தது. பெரிய கை குழப்பத்தோடு தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். மேடையில் தையல்காரர் மட்டும் தனியாக, புதுச் சட்டையின் கடைசிப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். மூன்றாம் வரிசையில் அவர் மனைவி தலை குனிவது அக்காவுக்குத் தெரிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் பிழைத்தாள். புரொஜெக்டர், மின்விசிறி, டைப்பிஸ்ட் அக்கா.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஒரு சீட்டை எடுத்தாள். இடது கையால் எழுதினாள். டின்னில் போட்டு, நடைபாதை வழியே மேடைக்கு நடந்தாள்.

டின்னைக் கண்டதும் தலைவருக்கு உயிர் வந்தது. "ஆங், கேள்வி நேரம்! கேள்விச் சீட்டுகளைப் பார்த்துடுவோம்!" அவசர அவசரமாக மேலே கிடந்த சீட்டைப் பிடுங்கி, மைக்கில் படிக்கத் தொடங்கினார். "‘பின்னணி என்று கழித்த பட்டியலில், முதல் வரியை யாராவது ஒரு தடவை திரும்பப் பார்த்தீர்களா? இப்படிக்கு, பின்வ...’"

தலைவரின் வாய் திறந்தபடியே நின்றது. பின்வரிசை மேடையில், அவருக்கு இரண்டடி தள்ளி, கையில் பேனாகூட இல்லாமல் நிற்கிறாரே!

வால்நட்சத்திரம் மடிக்கணினியைத் திறந்தான். முதல் வரியைப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, டின்னோடு நிற்பவளைப் பார்த்தான், முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

"அக்கா! நீங்களா?"

"நான்தான் தம்பி" என்றாள் அவள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "சீட்டு வராத மாசம் நான் லீவு. உங்க முழங்கைக்கு அடியிலதான் லெட்டர் இருந்துச்சு. நான் எப்பவும் இருப்பேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க." பெரிய கையின் பக்கம் திரும்பினாள். "சார், உங்க படம் எங்க பழைய கம்ப்யூட்டர்ல சரியாத் திறக்கல. புள்ளி எல்லாம் கலைஞ்சு போச்சு. மத்தியானம் பூரா உக்காந்து நாற்பத்தோரு புள்ளியையும் ஒவ்வொண்ணா நான்தான் திரும்ப வச்சேன். இவர் சொன்னது சரிதான். தைச்சவளுக்குத் தெரியாதா?"

பெரிய கை வாய்விட்டுச் சிரித்தார். "நான் புள்ளியைக் கழிச்சேன். இவங்க ஆளையே கழிச்சுட்டாங்களா!"

துணைவேந்தர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"இவங்க துறை ஊழியர்தானே? அப்ப பொதுமக்கள் கேட்டதா நீங்க அனுப்பின எழுபத்தோரு கேள்வி?"

தலைவர் சட்டென்று அக்காவின் பக்கம் விரலை நீட்டினார். "மோசடி சார்! எனக்குச் சுத்தமாத் தெரியாது! நாளைக்கே பரீட்சைப் பிரி..."

"இருபத்து மூணுதான் சார் என்னுது" என்றாள் அக்கா, ரொம்பப் பணிவாக.

"மீதி நாற்பத்தெட்டு?" என்றார் துணைவேந்தர்.

"எல்லாச் சீட்டும் கோப்புல இருக்கு சார். கையெழுத்து வாரியாப் பிரிச்சுக் கட்டி வச்சிருக்கேன். பதினெட்டு வருஷமா இங்க எல்லாரும் எழுதறதைப் படிச்சு டைப் பண்றவ நான். தலையெழுத்துத் தெரியாது, கையெழுத்துத் தெரியும்." தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லட்டுமா சார்?"

தலைவரின் விரல் மெதுவாக மடங்கி, பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"அது... டின் காலியா இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு... நான் ஒண்ணு ரெண்டு..."

"இருபத்தாறு சார்" என்றாள் அக்கா. "‘வானியல் ரசிகன்’கிற பேர்ல. ‘இவ்வளவு சிறப்பான துறையை வழிநடத்துவது யார்?’னு நாலு தடவை கேட்டிருக்கீங்க."

வால்நட்சத்திரம் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினான். "என்னுது பத்தொன்பது. ‘பொதுநல விரும்பி’. இளைய விரிவுரையாளர்களுக்கு ஏன் பதவி உயர்வு தாமதமாகுதுன்னு கேட்டது... நான்தான்."

"அப்ப மக்கள்? நிஜமான மக்கள்?" துணைவேந்தரின் குரல் உடைந்தேவிட்டது. "அவங்க ஒண்ணாவது கேட்டாங்களா, இல்லையா?"

"மூணு கேட்டாங்க சார். ‘கழிப்பறை எந்தப் பக்கம்?’ ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ ‘இந்த டின்னில் பிஸ்கட் இருந்தால் தருவீர்களா?’"

சிரிப்பில் கூரை பறந்தது. துணைவேந்தர் கையமர்த்தினார். "வேடிக்கையாத்தான் இருக்கு. ஆனா துறைக்காரங்களே பேசி, துறைக்காரங்களே கேட்டுக்கிறதுக்கு இவ்வளவு பெரிய அரங்கம் எதுக்கு? மேலாண்மைத் துறைக்கு..."

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார்."

எல்லாரும் திரும்பினார்கள். தையல்காரர். அவர் இன்னும் மேடையிலேயேதான் இருந்தார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. கழுத்தைத் தடவி, வழக்கமாக நாடா கிடக்கும் இடத்தில் நாடா இல்லாததைக் கண்டு, சட்டைப்பையிலிருந்து அதை உருவினார்.

"தூங்கினாலும் காதுல விழும் சார். வானம் விரியுது, விரியுதுன்னு மாசாமாசம் சொல்றாங்க. சரி. இழுத்தா நீளுற துணியை இழுத்தா, அதுல போட்டிருக்கிற பூவும் சேந்து நீளும். அப்ப வானம் விரிஞ்சா இந்த நாடாவும் சேந்துதானே விரியும்? ரெண்டும் ஒண்ணா விரிஞ்சா, விரியுதுன்னு எதை வச்சு அளந்தீங்க? கடையில துணி வெட்டும்போதெல்லாம் ரெண்டு வருஷமா இதே ரோதனை."

பெரிய கை நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"நாடா விரியாது" என்றார் பெரிய கை, கண்கள் பளபளக்க. "அதோட அணுக்கள் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு. வானம் இழுத்தாலும் விடாது. பூ துணியில அச்சடிச்சது இல்ல. தனியாத் தைச்சு ஒட்டினதுன்னு வச்சுக்குங்க..."

"அந்த உவமை தப்பு" என்றார் தலைவர், தன்னை மறந்து. "குழப்பாதீங்க. ஒளியோட நிறம் மாறுறதை வச்சுத்தான்..."

"என் உவமையில என்ன தப்பு?"

"அப்ப நம்ம உடம்பு விரியுமா, விரியாதா?" என்று எட்டாம் வரிசையில் ஒரு தாட்டியான அம்மாள் எழுந்து கேட்டாள்.

"நிலா? நிலா விலகிப் போகுதே, அதுவும் இதுதானா?" என்று வேறொரு குரல்.

"சீட்டு! சீட்டுல எழுதுங்க!" என்று கத்தினார் தலைவர். சீட்டு தீர்ந்துபோனது. பாராட்டுப் பத்திரத்தை அக்கா நாலாகக் கிழித்துக் கொடுத்தாள். அதுவும் போதவில்லை. ஒருவர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினார். தையல்காரரின் மனைவி முதன்முதலாகக் கணவரின் கேள்விக்கு ஒரு கிளைக் கேள்வி எழுதி அனுப்பினாள். டின் நிரம்பி, மூடி துள்ளியது.

துணைவேந்தர் நின்றுகொண்டே இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஏழு மணிவரை எழவில்லை.

கேடயத்தை என்ன செய்வது என்று வால்நட்சத்திரம் கடைசியில் காதோரம் கேட்டபோது, அக்கா தையல்காரரைக் காட்டினாள். "முதல் நிஜக் கேள்வி அண்ணனோடது. தட்டு வேற காலி பண்ணி வச்சிருக்காங்க." பெரிய கை தன் கட்டுரையில் யார் பெயரைப் போட என்று கேட்டதற்கு, "‘பின்வரிசை’ன்னே போடுங்க சார், பழகிடுச்சு" என்றாள்.

திங்கட்கிழமை துணைவேந்தரின் உத்தரவு, அவருடைய வழக்கமான பச்சை மையில் எழுதி வந்தது. மூன்றே வரி. அரங்கம் வானியல் துறைக்கே. ஊழியர்கள் இனிச் சீட்டு எழுதக் கூடாது. வருகைப் பதிவேட்டில், அரங்கத்தில் இருக்கும் ‘எல்லாரும்’ கையெழுத்துப் போட வேண்டும். மாற்றல் குறித்து ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சீட்டுக் கோப்பு அக்காவின் அலமாரியில் பூட்டிப் பத்திரமாக இருக்கும்வரை, தலைவரும் அந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை.

நூற்றோராவது வெள்ளிக்கிழமை. பதிவேட்டின் முதல் வரியில் அக்கா வலது கையால், அழகாக, கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது வரி தையல்காரர். முன்வரிசையில் துணைவேந்தர், இந்த முறை யாரும் கூப்பிடாமலே.

டின் கனத்தது. மேடை ஏறுமுன் சீட்டுகளை அடுக்கிய அக்காவின் விரல்கள் ஒன்றில் நின்றன. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. கீழே ‘முன்வரிசை’ என்று கையெழுத்து. மை, பச்சை.

‘கருந்துளைக்குள் போனது எதுவும் திரும்பி வராது என்கிறீர்கள். ஏழு மாதத்துக்கு முன் நான் ஒரு கோப்பு அனுப்பினேன். அதை மீட்க ஏதேனும் வழி உண்டா?’

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். துணைவேந்தர் மும்முரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இன்னும் படமே வரவில்லை.

அந்தச் சீட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பிறகு, முகத்தை மின்விசிறி மாதிரி வைத்துக்கொண்டு, டின்னைத் தலைவரிடம் நீட்டினாள்.

"படிங்க சார். முதல் கேள்வி."